பெயர் பெற்ற மலர்களும் பெயரறியாக் கைகளும்

மலர் ஒன்றை உள்ளவாறே வரைந்துவிட்டதாக ஓவியர் ஒருவர் கூறும்போது, அவர் வரைந்தது எந்த மலரை? இன்று காலை விரிந்து மாலையில் வாடப்போகும் இந்த ஒரு மலரையா? அன்றி, இம்மலர் எந்த இனத்தைச் சார்ந்ததோ அந்த இனத்தையா? கேட்டவுடன் எளிதாகத் தோன்றும் இவ்வினா, சற்று நின்று சிந்திப்போரை மெய்யியலின் மிகப் பழைய வழக்கொன்றுக்குள் இழுத்துச் சென்றுவிடும். அங்கும் அது நில்லாது. நம் வீட்டுக்குள்ளும் ஆலயத்துக்குள்ளும் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் நுழைந்து, மனிதரை நாம் எவ்வாறு பார்க்கிறோம் என்று கேட்கத் தொடங்கிவிடும்.

இதனை வெறும் கருத்தாக வைத்துப் பேசுவதைவிட, மெய்யாகவே வரையப்பட்ட மலர்களை முன்வைத்துப் பேசுவது நலம். ஸ்பெயினின் தலைநகராகிய மத்ரித்தில் உள்ள அரசத் தாவரவியல் பூங்காவின் காப்பகத்தில் 6,000 அளவிலான ஓவியத் தாள்கள் பேணப்பட்டு வருகின்றன. சுமார் 2,700 தாவர இனங்கள் அவற்றில் இடம்பெற்றுள்ளன. ஆனால் அவை ஸ்பெயினில் வரையப்பட்டவை அல்ல. இன்று கொலம்பியா என வழங்கும் தென் அமெரிக்க நாடு, ‘புதிய கிரனாதா’ என்னும் பெயரில் ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாளில், பெரும்பாலும் அப்பகுதிகளைச் சேர்ந்த ஓவியர்களே நீரில் குழைத்த வண்ணங்களைக் கொண்டு தீட்டியவை. 1783-இல் தொடங்கிய அப்பணிக்குத் தலைவர் ஒரு குரு: ஹோசே செலெஸ்தினோ மூத்திஸ் அடிகளார். ஓவியர்களுக்குத் தலைவராகவும் ஆசிரியராகவும் இருந்தவர் சால்வதோர் ரிசோ. முன்னவரைப் பற்றி நூல்கள் பல உண்டு. பின்னவரைப் பற்றி நாம் அறிவது சிறிதே. இக்கட்டுரை பின்னவரை முன்னிட்டு எழுந்தது.

எனினும் அடிகளாரைத் தாண்டி ரிசோவிடம் செல்ல இயலாது. 1732-இல் ஸ்பெயினின் காதிஸ் நகரில் பிறந்த மூத்திஸ் முதலில் மருத்துவர். அரசப் பிரதிநிதி ஒருவரின் மருத்துவராகவே அவர் 1760-இல் கடல் கடந்து சென்றார். அங்கே 1772-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தாவரங்களை ஆராயும் பெரும்பணிக்கு அவர் பல ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காத இசைவு, பேராயராகிய கபல்யேரோ இ கோங்கோரா அரசப் பிரதிநிதியாகவும் பொறுப்பேற்றபோதுதான் கிட்டியது. செங்கோலும் ஆயர்கோலும் ஒரே கையில் இருந்த காலம் அது. அக்கலவை திருச்சபைக்கு நன்மை செய்ததா என்பது வேறு விவாதம். மலர்களுக்கு அது நன்மை செய்தது என்ற அளவில் இங்கு நிறுத்திக்கொள்வோம்.

மன்னருக்கு வேண்டியிருந்தவை பயன் தரும் செடிகள். காய்ச்சலைத் தணிக்கும் சின்கோனாப் பட்டை, இலங்கையின் இலவங்கப் பட்டைக்கும் சீனத்துத் தேயிலைக்கும் ஈடாக விற்கத்தக்கவை ஆகியன கிடைக்குமானால் கருவூலம் நிறையும் என்பது அரசின் கணக்கு. அடிகளாரும் அவற்றைத் தேடியது உண்மையே. ஆயினும் அந்த ஓவியத் தாள்களைப் புரட்டுவோர் வியப்புறுவது வேறொன்றைக் கண்டு. விலைபோகும் சின்கோனாவுக்குச் செலவிடப்பட்ட உழைப்பே, யாருக்கும் பயன்படாத காட்டுக்கொடிக்கும் செலவிடப்பட்டிருக்கிறது. பயனைத் தேடிச் சென்றவர்கள், பார்க்கத் தொடங்கியபின் பயனை மறந்துபோனார்கள் போலும்.

அத்தாள்களின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாளின் நடுவே ஒரு கிளை நிற்கும். மண் இல்லை, வானம் இல்லை, வேலி இல்லை, வெண்தாளே உலகம். கிளையின் இருபுறமும் இலைகள் ஏறத்தாழச் சமச்சீராக விரிந்திருக்கும். அவற்றுள் ஓரிரு இலைகள் வேண்டுமென்றே மடங்கித் தம் அடிப்புறத்தைக் காட்டும். மேற்புறத்தின் பசுமை ஒன்று, அடிப்புறத்தின் வெளிறிய பசுமை மற்றொன்று என்பதை நாம் காண வேண்டும் என்பதற்காக. ஒரே கிளையில் அரும்பும் இருக்கும், விரிந்த மலரும் இருக்கும், பல வேளைகளில் முற்றிய கனியும் இருக்கும். பல தாள்களின் அடியில் மலரின் உறுப்புகள் தனித்தனியே பிரித்து வரையப்பட்டிருக்கும்: மகரந்தத் தாள், சூலகம், விதை. மலர்களை அவ்வாறு பகுத்து வரைவதில் குவாதுவாஸ் ஊரினராகிய பிரான்சிஸ்கோ ஹவியேர் மாத்தீஸ் தேர்ந்தவர். 1801-இல் அங்குச் சென்று அடிகளாரின் விருந்தினராகத் தங்கிய ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட், மலர் ஓவியத்தில் உலகிலேயே முதல்வர் இவர் என மாத்தீஸைப் புகழ்ந்தார்.

இனி நம் வினாவுக்கு வருவோம். அத்தாளில் உள்ள கிளை எந்த மரத்தில் இருந்தது? எந்த மரத்திலும் இல்லை என்பதே விடை. அரும்பு ஒரு கிளையிலிருந்து வந்திருக்கும். கனி பல வாரங்களுக்குப் பின் வேறொரு கிளையிலிருந்து வந்திருக்கும். பூச்சி அரித்த இலையை ஒதுக்கிவிட்டு, அரிக்காத இலையைத் தேர்ந்து வரைவதே இத்தொழிலின் வழக்கம். கடவுள் படைத்த எந்தத் தனிக் கிளையும் இவ்வாறு இருந்ததில்லை. அப்படியானால் இந்த ஓவியம் பொய்யா?

பொய் என்பதன் இலக்கணத்தைப் புனித அகுஸ்தீனாரிடம் கேட்டால், ஏமாற்றும் எண்ணத்தை அவர் முதலில் தேடுவார். இங்கே அத்தகைய எண்ணம் இல்லை. தாவரவியலார் இவ்வோவியத்தை ஒரு கிளையின் நிழற்படமாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த இனம் இவ்வாறு அரும்பும், இவ்வாறு மலரும், இவ்வாறு கனியும் என்றே படித்துக்கொள்கிறார்கள். புனித தோமா அக்குவினாரிடம் கேட்டால், அறிவு பொருளோடு ஒத்திருப்பதே உண்மை என்று அவர் தொடங்கி, நம் அறிவு புலன்கள் தரும் தனிப்பொருளிலிருந்து பொதுமையைப் பிரித்தெடுத்தே அறிகிறது என்று விளக்குவார். குருமடத்தில் இப்பாடத்தைக் கேட்டபோது நம்முள் பலருக்கு அது வறண்ட பாடமாகவே இருந்தது. அந்த வறட்சிக்குள் இத்தனை மலர்கள் இருக்கக்கூடும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை! பத்துக் கிளைகளைப் பார்த்து, அப்பத்துக்கும் பொதுவானதைக் கண்டு, அதனைப் பதினோராவது கிளையாகத் தாளில் நிறுத்தும் ஓவியர், நம் அறிவு நாள்தோறும் மறைவாகச் செய்யும் வேலையையே கண் காணச் செய்கிறார். ஆகவே, தாவரவியலில் இந்த ஓவியம் பொய்யன்று. உண்மையின் ஒரு வகை.

இவ்வோவியர்களிடம் நாம் கற்கத்தக்க மற்றொன்றும் உண்டு. தென் அமெரிக்காவுக்கு உரிய கொடிகளில் புகழ்பெற்றது ‘பாடுகளின் மலர்’. கொடைக்கானல் மலையில் தாட்பூட் பழம் என விற்கப்படுவது அதன் ஓர் இனத்தின் கனி. நம் சமவெளியில் வேலியோரங்களில் படரும் சிறுபூனைக்காலியும் அங்கிருந்து வந்து இங்குக் களையாகிவிட்ட அதன் உறவே. அம்மலரின் நடுவே கதிர்போல் விரியும் இழைவட்டத்தில் முள்முடியையும், மூன்று சூலகமுடிகளில் மூன்று ஆணிகளையும், ஐந்து மகரந்தப் பைகளில் ஐந்து திருக்காயங்களையும், பற்றிப் படரும் கம்பிகளில் சாட்டைகளையும் கண்டனர் நம் முன்னோர். 1610-இல் உரோமையில் ஜாக்கமோ போசியோ திருச்சிலுவையைப் பற்றி வெளியிட்ட நூலில் இம்மலருக்கு இடம் தந்தார். பின்வந்தோர் அதனை மேலும் விரித்தனர். பேதுருவையும் யூதாசையும் விலக்கி, எஞ்சிய பத்துத் திருத்தூதர்களைப் பத்து இதழ்களில் கண்டவர்களும் உண்டு. மறையுரை ஆயத்தம் செய்பவர் கைக்கு எந்த மலரும் தப்புவதில்லை!

அத்தகைய பக்தியை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் மூத்திஸ் அடிகளாரின் ஓவியர்களும் அதே மலர்களை வரைந்தனர். குரு ஒருவரின் மேற்பார்வையில், கிறிஸ்தவ நாட்டில் வரைந்தனர். ஐந்து மகரந்தப் பைகளை அவர்கள் ஐந்து மகரந்தப் பைகளாகவே வரைந்தனர். ஆணியை நினைவூட்டும்படி எதையும் கூர்மையாக்கவில்லை. இதழ்களைப் போலவே தோன்றும் ஐந்து, உண்மையில் புல்லிவட்டத்தைச் சேர்ந்தவை. உற்றுப் பார்க்கும் ஓவியர் அவ்வேறுபாட்டைக் காட்டியாக வேண்டும். காட்டினால் பத்துத் திருத்தூதர் கணக்கு உடைந்துபோகும். உடைந்தால் உடையட்டும் என்று வரைவதும் ஒருவகை இறைப்பற்று என்றே நாம் கருதுகிறோம். படைத்தவர் அதனை எவ்வாறு படைத்தாரோ அவ்வாறே ஏற்றுக்கொண்டு, நம் கருத்துக்கு அதனைப் பயன்படுத்துவதற்கு முன்பு, அது என்ன என்று பொறுமையோடு கேட்பது. வயல்வெளி மலர்களைப் பற்றி ஆண்டவர் மலைப்பொழிவில் கூறியதை நாம் அறிவோம். அங்கே மத்தேயு ஆளும் கிரேக்க வினைச்சொல், கடந்து செல்லும்போது கண்ணில் படுவதைக் குறிக்காது; கூர்ந்து கற்றறிவதைக் குறிக்கும். அச்சொல்லுக்கு ஓவியர்கள் கீழ்ப்படிந்த அளவுக்குப் போதகர்கள் கீழ்ப்படிந்தோமா என்பது ஐயமே.

இதுவரை எல்லாம் நலமே. இடர் தொடங்குவது, மலரைப் பார்க்கும் இப்பார்வை மனிதரிடம் திரும்பும்போது.

நம் மொழியில் ஒரு சொல் உண்டு. தருக்க நூலார் பல பொருள்களுக்குப் பொதுவாக நிற்கும் தன்மையைச் ‘சாதி’ என்றனர். மாட்டிடம் உள்ள மாட்டுத்தன்மை சாதி; குடத்திடம் உள்ள குடத்தன்மை சாதி. பூக்கடைக்குச் சென்றாலோ, சாதி என்பது மணமுள்ள ஒரு மல்லிகையின் பெயர். தருக்கத்திலும் பூக்கடையிலும் தீங்கு செய்யாத அச்சொல், தெருவுக்குள் வந்ததும் என்ன செய்தது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் மறைமாவட்டங்கள் சிலவற்றில் இறந்தோரைப் பிரிக்கவும் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நின்றது. சவப்பெட்டி சுமக்கும் வண்டிகூட இரண்டாக இருந்த ஊர்கள் உண்டு. திருமுழுக்கில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்த திருச்சபை, அடக்கத்தின்போது இனம் கேட்டது. தாவரவியலில் அறிவாக இருந்த ஒன்று, மனிதரிடம் வந்தவுடன் பாவமாக மாறும் இடம் இதுவே.

ஏன் மாறுகிறது? மலரிடம் நாம் இனத்தைக் கண்டால் மலருக்கு இழப்பொன்றும் இல்லை. மல்லிகை ஒன்று தன் பெயர் சொல்லி அழைக்கப்படவில்லையே என்று வருந்துவதில்லை. மனிதர் அவ்வாறு அல்லர். ‘குடிகாரன்’, ‘வாழாவெட்டி’, ‘அந்தத் தெருக்காரன்’ என்று ஒருவரைச் சுட்டும்போது, அவரிடம் உள்ள ஒன்றை அறிந்துகொண்டு அவரை அறியாமல் விட்டுவிடுகிறோம். யோவான் தூன்ஸ் ஸ்கோத்துஸ் என்னும் பிரான்சிஸ்கன் மெய்யியலார், ஒவ்வொரு பொருளும் தன் இனத்தைச் சார்ந்திருப்பதோடு, ‘இதுவே இது’ என்று சுட்டத்தக்க ஒரு தனிமையையும் உடையது என்று வாதிட்டார். அக்குவினாரும், நம் அறிவு தனியொன்றைச் சுற்றிவளைத்தே அறிந்தாலும், கடவுள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே அறிகிறார் என்றார். மனிதரை இனமாகவே அறிந்து நின்றுவிடுவது, ஆகவே, கடவுளின் அறிவுக்குப் புறம்பான அறிவு. நல்ல ஆயர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நற்செய்தி சொல்லும்போது, அது வெறும் பாசத்தைச் சொல்லவில்லை. அறியும் முறையையே சொல்கிறது.

இப்போது ரிசோவின் பணிமனைக்குள் நுழைவோம். மக்தலேனா ஆற்றங்கரையில் உள்ள மொம்போஸ் நகரத்தவர் அவர். 1784-இல் பணியில் சேர்ந்தார். அப்போது பணியகம் மரிக்கீத்தா என்னும் ஊரில் இருந்தது. 1791-இல் அது இன்றைய பொகோட்டாவுக்கு மாற்றப்பட்டது. ரிசோ வரைந்தார், கணக்கும் பார்த்தார், பொருள்கள் வாங்கினார், எல்லாவற்றுக்கும் மேலாகக் கற்பித்தார். பொகோட்டாவில் அவர் பொறுப்பில் ஓவியம் பயிற்றும் இலவசப் பள்ளி ஒன்று நடந்தது. இளைஞர்கள் அங்கே கரிக்கோல் பிடிக்கக் கற்று, தேர்ந்தவுடன் பணிமனையில் அமர்ந்தனர். கீத்தோ நகரிலிருந்தும் ஓவியர் பலர் வரவழைக்கப்பட்டனர். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை. அடிகளார் கண்டிப்பானவர்.

அங்குக் கற்பிக்கப்பட்டது என்ன? மலரைப் பார்ப்பது, வண்ணம் கலப்பது, தூரிகையை ஒரு மயிரிழை அளவுக்கு அடக்குவது. இவற்றோடு மற்றொன்றும் கற்பிக்கப்பட்டது: தன் கையை மறைப்பது. பல கைகள் வரைந்த ஆயிரக்கணக்கான தாள்கள் ஒரே நூலாகத் தொகுக்கப்பட வேண்டும். ஆகவே, கீத்தோவிலிருந்து வந்தவரின் கோடும் மொம்போஸ் நகரத்தவரின் கோடும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். எந்தத் தாளை யார் வரைந்தார் என்று கண்டறிய இயலாதபோதுதான் ஆசிரியர் வெற்றி பெற்றவராகிறார். கலையாசிரியர் ஒருவருக்கு இதைவிடக் கடினமான பணி இருக்க முடியுமா? மாணவருக்குத் தம் திறமையைத் தருவதோடு, அத்திறமையின் முகவரியை அழிக்கவும் அவர் கற்றுத்தர வேண்டியிருந்தது.

குருமடப் பயிற்சியை அறிந்த நமக்கு இது முற்றிலும் அயலானது அன்று. ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே வகை உடையுடுத்தி, ஒரே மெட்டில் செபித்து வளர்ந்தவர்கள் நாம். தன்னை மறைத்தல் நற்செய்தியின் விழுமியம்தான். திருமுழுக்கு யோவான் தாம் குறைந்து ஆண்டவர் வளர வேண்டும் என்றார். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்றார் ஆண்டவர். எனவே, பெயரின்றி உழைத்த அந்த ஓவியர்களைத் தாழ்ச்சியின் எடுத்துக்காட்டாகக் காட்டி ஓர் அழகிய மறையுரை நிகழ்த்திவிடலாம். நிகழ்த்தலாகாது என்பதே நம் எண்ணம்.

ஏனெனில், தாழ்ச்சி என்பது உடையவர் தாமே தருவது. ஒருவர் தம் பெயரைத் தாமே மறைத்துக்கொண்டால் அது துறவு. அவர் பெயரைப் பிறர் மறைத்தால் அது பறிப்பு. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் தாளின் அடியில் பெயர் இல்லை. அந்த ஓவியர்கள் தம் பெயரைத் துறக்க விரும்பினார்களா என்பதற்குச் சான்று அத்தாள்களிலேயே உண்டு. பெரும்பாலான தாள்களில் கையொப்பம் இல்லை. ஆனால் சிலவற்றில் உண்டு. வாய்ப்பு வந்தபோது ஓவியர் சிலர் தம் பெயரை இலத்தீனில் எழுதி, அதனோடு ‘அமெரிக்கர்’ என்றும் சேர்த்தனர். அமெரிக்க மண்ணைச் சார்ந்த இன்னார் இதனைத் தீட்டினார் என்பது அதன் பொருள். மன்னர் ஸ்பெயினில், தலைவர் ஸ்பானியர், நூல் அச்சேற வேண்டியதும் ஸ்பெயினில். அந்த ஒரு சொல் போதும். அவர்கள் தங்களை வெறும் கைகளாகக் கருதவில்லை.

நம் பங்குகளிலும் இது அன்றாடக் காட்சியே. ஆலயத்தின் மின்விசிறி இறகில் ‘உபயம்’ எழுதியிருக்கும். குழல்விளக்கில் எழுதப்பட்ட உபயதாரர் பெயர் விளக்கின் ஒளியையே பாதி மறைத்துவிடும். அடிக்கல்லில் ஆயரின் பெயர், பங்குத்தந்தையின் பெயர், திருநாள், ஆண்டு எல்லாம் இருக்கும். கோபுரத்தின் உச்சியில் ஏறிச் சிலுவையை நிறுத்திய கொத்தனாரின் பெயர் எங்கும் இராது. அவருக்குக் கூலி தந்தாயிற்றே என்பர். கூலி நீதியின் ஒரு பகுதி. அது கைக்குத் தரப்படுவது. ஆளுக்குத் தரவேண்டியது ஒன்று எஞ்சியிருக்கிறது.

மூத்திஸ் அடிகளாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அந்நாளைய பணிமனைகளின் வழக்கம் அது. அவர் ஓவியர்களுக்குத் தொழிலும் கல்வியும் தந்தார். ரிசோவின்மீது பெரும் நம்பிக்கை வைத்தார். ஆயினும் ஒன்றைக் கவனியாமல் இருக்க இயலவில்லை. மலர்களுக்குப் பெயர் சூட்டுவதே தாவரவியலாரின் வேலை. எவரும் அறியாக் காட்டுக்கொடி ஒன்றைத் தனித்து இனம் கண்டு, அதற்கு இலத்தீனில் ஈரடுக்குப் பெயர் தந்து, அதனைப் பதிவு செய்ய ஆயிரம் கல் கடக்கின்றனர். அடிகளாரின் பெயரும் ‘மூத்திசியா’ என ஒரு மலர்ச்செடியில் நிலைத்திருக்கிறது; லின்னேயஸின் மகன் சூட்டியது. மலர்கள்பால் இத்துணை நீதியோடு நடந்த அறிவியல், அருகில் அமர்ந்து அம்மலரை வரைந்தவரின் பெயரைத் தாளில் எழுத மறந்ததே என்பதுதான் நம்மை உறுத்துகிறது. இனத்தைக் காணப் பழகிய கண், பணிமனையையும் அவ்வாறே கண்டுவிட்டது: ‘ஓவியர்கள்’.

அடிகளார் 1808-இல் மறைந்தார். நூல் அச்சேறவில்லை, ஓவியங்கள் மலைபோல் குவிந்திருக்க, அவற்றுக்கான விளக்கங்கள் முற்றுப்பெறாமல் நின்றன. பணியகத்தில் பிணக்குகள் எழுந்தன. நாட்டில் விடுதலைப் போர் மூண்டது. தூரிகை பிடித்த ரிசோ, பொலிவாரின் விடுதலைப் படையில் சேர்ந்தார். 1816-இல் ஸ்பெயினின் தளபதி மொரில்யோ நாட்டை மீண்டும் கைப்பற்றியபோது, பணியகத்தோடு தொடர்புடைய அறிஞர் கால்தாஸ் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் ரிசோவும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் அவர் மாணவர்களும் வரைந்த தாள்கள், உலர்த்திய செடிகளோடும் கையெழுத்துப் படிகளோடும் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் அடைக்கப்பட்டு, அவரைக் கொன்ற அரசின் தலைநகருக்குக் கப்பலேறின. ஓவியரை அழித்தவர்கள் ஓவியங்களைப் பத்திரமாகக் கொண்டு சென்றனர். கைவண்ணத்தை மதித்து ஆளை மதியாமையின் எல்லை அது.

மாத்தீஸ் தப்பிப் பிழைத்தார். 1851 வரை வாழ்ந்து, தாம் கற்றதை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பயின்ற ஹோசே ஹெரோனிமோ திரியானா, பின்னாளில் தேர்ந்த தாவரவியலாராகி மத்ரித்துக்குச் சென்று, தம் ஆசிரியரும் தோழர்களும் தீட்டிய மலர்களுக்கு இனம் கண்டு குறித்தார். ஸ்பெயினும் கொலம்பியாவும் இணைந்து அவற்றை நூல் வரிசையாக வெளியிடத் தொடங்கியது 1954-இல்தான். பணி தொடங்கி 171 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ரிசோவுக்கும் ஒரு மலர்ப்பெயர் கிடைத்தது. மத்ரித்தில் இருந்த தாவரவியலார் கவனில்யெஸ், அவரும் ஒரு குருவே, ‘ரிசோவா’ என்று ஒரு பேரினத்துக்குப் பெயரிட்டார். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பிற்காலத் தாவரவியலார் அதனை வேறொரு பேரினத்துள் அடக்கிவிட்டதால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. நம் சென்னையிலும் இதே கதை நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தென்னகத்துத் தாவரங்களை ஆராய்ந்து பல தொகுதிகளாக வெளியிட்ட ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட், தமக்காக வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்களின் பெயர்களை மறைக்கவில்லை. ஆர்க்கிட் மலர் ஒன்றுக்குக் ‘கோவிந்தூயா’ என்றே பெயரிட்டார். அப்பெயரும் பின்னர் மற்றொரு பேரினத்துள் கரைந்துபோயிற்று. அறிவியல் தன் திருத்தங்களைச் செய்வதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அவ்விருவரும் தம் காலத்தில் ஒருமுறையேனும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார்கள். அழைத்தவர்கள் அதற்காக எதையும் இழந்துவிடவில்லை.

உயிர்த்த ஆண்டவரின் உடலைப் பற்றி இறையியலார் வினவிய வினாக்கள் பல. அவற்றுள் ஒன்று, மாட்சி பெற்ற உடலில் காயங்கள் எவ்வாறு எஞ்சின என்பது. குறையற்ற உடல் என்றால், நம் ஓவியர்களின் வழக்கப்படி, அரிக்கப்பட்ட இலையை நீக்கிவிட்டு அரிக்கப்படாத இலையைச் சேர்த்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் தோமாவுக்குக் காட்டப்பட்டவை ஆணித் துளைகள். மனித இயல்பின் மாதிரி ஒன்று கல்லறையிலிருந்து எழவில்லை. நாசரேத்தூரைச் சார்ந்த, இன்ன நாளில், இன்ன ஆளுநரின் ஆட்சியில் அறையப்பட்ட ஒருவரே எழுந்தார். அவரை அடையாளம் காட்டியது அழகன்று, தழும்பு. மகதலா மரியாவோ தோட்டத்தில் நின்றவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். அதுவும் ஓர் இனப்பெயர்தான். அவர் தன் பெயரைச் சொல்லி அழைத்த பின்பே யாரென்று அறிந்தார்.

ரிசோ தீட்டியவை மலர்கள் மட்டுமல்ல. சில உருவப்படங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று கவனில்யெஸ் அடிகளாரின் உருவப்படம். கொலம்பியாவில் பேணப்பட்டு வருகிறது. அடிகளார் கையில் எழுதுகோலோடு அமர்ந்து ஒரு செடியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தச் செடி ரிசோவா.